மின்விசிறிக்குக் கீழே ஒரு முகம்

அழகுக்கலை நிலையத்தார் சங்கத்தின் அன்புக்குரிய தலைவி அவர்களே, எனக்கு முன்னே பேசி அரங்கத்தையே சிந்திக்க வைத்து அமர்ந்திருக்கும் தோல் மருத்துவர் அவர்களே, அரிதாரம் குழைத்தே ஆயுளில் பாதியைக் கழித்த மூத்தோர்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே, பின்வரிசையில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக் காவல் காக்கும் கணவன்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. "இன்னிக்கு மேக்கப் போட மறந்துட்டாங்க போல" என்கிறார் ஓர் அம்மையார். மறக்கவில்லை தாயே. மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்வதே என் பிழைப்பு. அதை மறந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? இதோ, என் இடது தாடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் உங்களில் ஒருவர் கண்ணிலும் இது பட்டதில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும். இன்று மூடாமல் வந்ததற்குக் காரணம் இந்தத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருக்கும் கைப்பேசியில் இருக்கிறது.

எனக்கு ஒரு தங்கை. வேலைக்காகத் தொலைதூர நகரத்துக்குப் போனவள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். வாரம் தவறாமல் வீடியோ அழைப்பில் பேசுகிறோம். பேசும்போது நான் பார்ப்பது யாரை? அவளையா? அவள் கண்ணையா, கன்னத்தையா? இல்லை ஐயா, அவள் வீட்டு மின்விசிறியை. போனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

"மூஞ்சியக் காட்டுடி" என்பேன்.

"வேலையா இருக்கேன்க்கா. நீ பேசு, காது இங்கதான் இருக்கு" என்பாள்.

அந்த மின்விசிறியை எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் இறக்கையில் துடைக்காத தூசி. சுற்றும்போது லேசாகத் தள்ளாடும். கடையில் நூறு மின்விசிறிகளுக்கு நடுவே மாட்டினாலும் அடையாளம் காட்டுவேன். ஆனால் கூடப் பிறந்தவளின் கன்னம் இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரார் முகத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுத் திருத்தும் இந்தக் கை, அந்த ஒரு முகத்துக்காக ஏங்கிக் கிடக்கிறது.

எல்லாம் ஒரு சின்ன டப்பாவால் வந்தது. அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்லர். பெரிய வாளியிலிருந்து கரண்டியால் அள்ளி, சின்ன டப்பாவில் அடைத்து, "நாங்களே கலக்குற ஸ்பெஷல் நைட் கிரீம்" என்று கொடுத்தார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை. ஏன் தலையைக் குனிகிறீர்கள்? இந்த அரங்கத்தில் அந்த வாளி யார் கடையிலும் இல்லையா?

முதலில் முகம் பளபளத்தது. பிறகு தோல் மெலிந்தது, வெயில் பட்டால் எரிந்தது. பயந்துபோய் நிறுத்தினாள். நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து கொப்பளித்தது. பாவம், அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? "விட்டதும்தான் கெட்டுப்போச்சு, அப்ப அந்தக் கிரீம்தான்க்கா என்னைக் காப்பாத்திட்டு இருந்துச்சு" என்றாள். கொள்ளையடித்தவனிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்தது போல, மறுபடியும் அதையே வாங்கிப் பூசினாள். உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. மருத்துவர் ஐயா சற்றுமுன் சொன்னாரே, அதேதான். இப்போது அங்கே ஒரு மருத்துவரிடம் போகிறாள். மெல்ல மெல்ல ஆறுகிறதாம். ஆறுகிறது என்று காதால் கேட்கிறேன், கண்ணால் காணவில்லை.

ஆகவே அருமைத் தோழியரே, அழகைப் பூசுமுன் அட்டையைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பதுதான் அதிகம் இருப்பது. முன்பக்கம் கற்றாழை படம் பெரிதாக இருக்கும். பின்பக்கம் கற்றாழை கடைசி வரியில் ஒண்டிக்கொண்டு நிற்கும். 'நறுமணம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும். 'இயற்கை' என்று போட்டுவிட்டால் போதுமா? எலுமிச்சையும் இயற்கைதான், தேய்த்தால் எரியாதா? எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவிச் சில நாள் பொறுத்துப் பாருங்கள். பவுண்டேஷன் நிறத்தைக் கைமேல் பார்க்காதீர்கள், தாடையோரம் தடவிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்வரிசையில் ஓர் அண்ணன் குறிப்பெடுக்கிறார். இன்று அவர் வீட்டில் நல்ல பெயர் வாங்குவார்.

அட்டையில்லாத டப்பாவை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை வாங்கிப் போகிறவள் யாரோ ஒருத்தியின் தங்கை. அவள் முகத்தைப் பார்க்க எங்கோ ஒருத்தி, என்னைப்போல, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் வாலு கேட்டாள். "நீ மட்டும் தினமும் தாடையப் பூசி மறைச்சுக்குவ, நான் மட்டும் காட்டணுமா? நாலு பேர் முன்னாடி பூசாம நில்லு. அப்புறம் யோசிக்கிறேன்." யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாள், காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. வாலு அல்லவா.

இதோ, இந்தக் கைப்பேசியில் இப்போதும் அவள் அழைப்பில்தான் இருக்கிறாள். நின்றுவிட்டேன், வாலு. நாலு பேர் இல்லை, அரங்கம் நிறைந்த கூட்டம். கேட்கிறதா?

இன்னும் மின்விசிறிதான் சுற்றுகிறது. பரவாயில்லை. என் வெறும் முகத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவி அவர்களுக்கும் நன்றி கூறி...

பொறுங்கள். படம் ஆடுகிறது. மின்விசிறி போய்விட்டது. சுவர் தெரிகிறது. ஒரு நெற்றி. இரண்டு கண்கள். அதற்குக் கீழே இரண்டு கையாலும் மூடியிருக்கிறாள்.

இருக்கட்டும்டா. கை வலிக்கும்போது எடு. அக்கா இங்கதான் நிக்கிறேன்.

அவையோரே, நன்றி, வணக்கம். நீங்கள் புறப்படுங்கள். நான் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன்.