நான் ரோலரைத் தூக்கியது பற்றி

மனு விசாரணையில் பெறப்பட்ட வாக்குமூலம். பெயர்: பா. தமிழ்மொழி. வயது: 24. தகப்பனார் பெயர்: பாவாடை (காலமாகிவிட்டார்). முகவரி: வடக்குத் தெரு, மந்தாரக்குப்பம், நெய்வேலி. வேலை: சுரங்க மண்மேட்டில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் ஒப்பந்தத் தொழிலாளி. விளையாட்டு: மல்யுத்தம், பெண்கள் 57 கிலோ பிரிவு. நாள்: 14.10.2025, செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி. கேட்டு எழுதியவர்: உதவி ஆய்வாளர் திருமதி சத்யப்பிரியா.

மேற்படி முகவரியில் நானும் என் தாயார் அம்சவல்லியும் வசித்து வருகிறோம். தாயாரும் அதே மண்மேட்டில்தான் வேலை செய்கிறார். இன்று காலை பத்து மணிக்கு இதே காவல் நிலையத்தில் என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. அதில் நான் ஐந்து மாதத்தில் இருநூற்று நாற்பது கன்வேயர் ரோலர்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டேன் என்று உள்ளது. நான் ஒன்றுகூடத் திருடவில்லை. ஒரே ரோலரைத்தான் திரும்பத் திரும்பத் தூக்கினேன். அதைச் சரிசெய்யவே இந்த இரண்டாம் வாக்குமூலம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் என் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை முடிந்தால்தான் கிர்கிஸ்தானில் நடக்கும் ஆசியப் போட்டிக்கு என் பெயர் போகும். என் மேல் வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட் நின்றுவிடும். ஆகவே எனக்கு இது விளையாட்டு இல்லை, விளையாட்டுக்காரியே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு தேசியப் போட்டியின் கால் இறுதியில் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் தோற்றேன். மல்யுத்தத்தில் மூன்று நிமிடம் மோதி, முப்பது வினாடி நின்று, மறுபடி மூன்று நிமிடம் மோத வேண்டும். முதல் மூன்று நிமிடம் நான்தான் முன்னால் இருந்தேன். அதன் பிறகு எனக்கு மூச்சு இரைத்தது, கால் கனத்தது, அந்தப் பெண் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தவர் போல நின்றார். தோற்ற பிறகு நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்ணே தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துப் பேசினார். என்னுடன் வந்திருந்த தோழி அகிலா நெய்வேலி நகரியத்துப் பள்ளியில் இந்தி படித்தவர், அவர் எனக்குத் தமிழில் சொன்னார். அந்த ஊரில் சண்டை விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் சுமையோடு மலைச்சரிவில் ஏறித்தான் காலையும் மூச்சையும் தயார் செய்வார்களாம்.

"ஒங்க ஊர்ல மலை கெடையாதான்னு கேக்கறாடி" என்றார் அகிலா.

"இருக்குதுன்னு சொல்லு. நாங்களே வெட்டிக் கொட்டுனது."

அந்தப் பெண் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். நான் சொன்னது உண்மை. நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணை வருடக்கணக்காகத் தோண்டிக் கொட்டியதில் எங்கள் ஊரில் ஒரு மலையே நிற்கிறது. தட்டுத் தட்டாகக் கொட்டியதால் பாதையும் தட்டுத் தட்டாக ஏறும். இப்போது மரம் வளர்ந்து பச்சையாக இருக்கிறது. என் தகப்பனார் பதினாறு வருடம் கன்வேயர் பெல்ட் ஓரம் மண் வழித்துப் போட்டவர், ஆகையால் அதில் எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு என்பது என் கருத்து. அங்கே போய்வர எனக்கு வேலைப் பாஸ் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு சில மாதம் மல்யுத்தப் பாயில் பழகியதோடு வெறுங்கையோடு அந்த மேட்டில் ஓடிப் பார்த்தேன். போதவில்லை. மேட்டின் அடிவாரத்தில் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் யார்டு இருக்கிறது. மண் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் உருளும் இரும்பு உருளையைத்தான் நாங்கள் ரோலர் என்போம். பேரிங் இறுகிச் சுற்றாமல் போன ரோலர்கள் வேலிக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும். ஒன்று நாற்பத்திரண்டு கிலோ. கடந்த மே மாதம் அதில் கடைசி ரோலரை எடுத்துத் தாயாரின் பழைய சேலையைச் சுற்றித் தோளில் வைத்துப் பார்த்தேன். எதிராளியைத் தொடையோடு சேர்த்துத் தோளில் ஏற்றுவோமே, அதே இடத்தில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதைத்தான் தூக்கினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அது என் தப்பு. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

வேலைக்கு முன்பு, காலை ஐந்தரை மணிக்குத் தொடங்குவேன். ரோலரோடு மூன்று நிமிடத்தில் முதல் தட்டு, முப்பது வினாடி நிற்பது, அதன் பிறகு மூன்று நிமிடத்தில் இரண்டாம் தட்டு. மோதும் நேரக் கணக்கேதான். அகிலா போனில் நேரம் பார்ப்பார். இமயமலையில் காற்று மெலிந்திருக்கும், அது நெய்வேலியில் கிடைக்காதே என்று அகிலா கவலைப்பட்டார். காற்று கிடைக்காவிட்டால் போகட்டும், சரிவு கிடைக்கிறதே என்றேன். கீழே ஒரு வாய் தண்ணீர் வைத்துக்கொண்டு, விழுங்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விட்டு முதல் தட்டுவரை ஏறி, அங்கே உள்ள புங்கங்கன்றுக்குத் துப்புவேன். முதல் மூன்று வாரம் ரோலரோடு ஓடி இறங்கினேன், முட்டி வீங்கிவிட்டது. அது முட்டாள்தனம். அதன் பிறகு ஏறுவதற்கு ஆறு நிமிடம் என்றால் இறங்குவதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். மெதுவாக இறங்கியதில்தான் தொடை இறுகியது. முதலில் ஒரு தடவை, போகப்போக நான்கு தடவை. வாரம் மூன்று நாள், நான்காவது வாரம் முழுக்க ஓய்வு. மற்ற நாளில் பாயில் மல்யுத்தமும், கைப்பிடி இறுக நனைத்த சாக்கைப் பிடித்துத் தொங்குவதும். வேலை தொடங்கும் முன் ரோலரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

செப்டம்பர் 26ஆம் தேதி, தேசியப் போட்டிக்கு ரயில் ஏற வேண்டிய நாள், கடைசியாக ஒரு தடவை ஏறினேன். இரண்டாம் தட்டில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதை சோப்புப் போட்டது போல வழுக்கியது. "அத அங்கியே போட்டுட்டு வாடி, கால் பெசகுனா எல்லாம் போச்சு" என்று அகிலா கத்தினார். ரோலரை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு இறங்கினேன். யார்டில் தகவல் சொல்லிவிடும்படி தாயாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தாயார் மறுநாளே யார்டு மேற்பார்வையாளர் விஜயராஜிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன வார்த்தை இது: "சாரு, வேலியோரம் கெடந்த ரோலர எம் பொண்ணு தூக்கிட்டா. ஊருக்குப் போயிருக்கறா, வந்ததும் வச்சிடுவா, ஒண்ணும் நெனைக்காதீங்க." என் தாயாருக்குத் தூக்குவது என்றால் தூக்குவதுதான். விஜயராஜுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

அதன் பிறகு லூதியானாவில் நடந்த தேசியப் போட்டியில் நான்கு பேரை வென்று இறுதிக்கு வந்தேன். எதிரில் அதே இமாச்சலப் பெண். மூன்று நிமிடம் முடிந்தபோது நான் இரண்டு, அவர் நான்கு. ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு இரைத்து அவர் வாய் திறந்தது. நான் அதற்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன். என் வாய் மூடித்தான் இருந்தது. கையைப் பிடித்து உள்ளே புகுந்து, தொடையோடு தோளில் ஏற்றித் தூக்கிப் போட்டேன். ரோலருக்குப் பிடிமானமே கிடையாது, இவருக்குக் கை கால் இருந்ததால் சுலபமாக இருந்தது. நான்கு புள்ளி. ஆறுக்கு நான்கு என்று வென்றேன். அந்தப் பெண் எழுந்து என் தோளைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். "அந்த மலை நெசமாவே இருக்குதான்னு கேக்கறாடி" என்றார் அகிலா. அகிலா அழுதுகொண்டே இதைச் சொன்னார்.

நேற்று முன்தினம் ஊர் திரும்பினேன். தெருமுனையில் பறையடித்து மாலை போட்டார்கள். நேற்று விஜயராஜ் மனு கொடுத்தார். ஒரு பெண்ணால் அந்த எடையைத் தனியாக நகர்த்த முடியாது, வாகனத்தோடு ஒரு கும்பல் வந்திருக்க வேண்டும், தாயே ஒப்புக்கொண்டார் என்று அதில் உள்ளது. இன்று காலை எங்கள் இருவரையும் அழைத்தார்கள். தலைமைக் காவலர் சின்னதுரை என்னிடம் கேட்டு எழுதினார். அவர் போன வாரம்தான் வெளியூரிலிருந்து மாறுதலாகி வந்தவர், என் மெடல் பற்றி அவருக்குத் தெரியாது.

"ரோலர தூக்குனியாம்மா?"

"தூக்குனங்க."

"எத்தினி தடவ?"

"நாளைக்கு நாலு தடவங்க. வாரத்துக்கு மூணு நாளு. அஞ்சு மாசமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்காவது வாரம் ஓய்வு என்று சொன்னதைக் கழிக்காமல் இருபது வாரத்துக்கும் பெருக்கிக்கொண்டார்.

"கூட யாரு?"

"அகிலாங்க. டைம் பாக்கறதுக்கு."

"இவ்ளோ தூக்கி என்னாம்மா பண்ண?"

"தங்கம் வாங்குனங்க."

இவ்வளவும் எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைத் தூக்கியிருப்பேன், அந்த வார்த்தையே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் தாயார், "அடப்பாவிங்களா, தூக்குனதத் தூக்குனான்னு சொல்லாம வேற எப்பிடிங்க சொல்றது?" என்று சத்தம் போட்டார்.

சத்தம் கேட்டு உதவி ஆய்வாளர் வந்து முழுவதையும் வாசித்தார். அதன் பிறகு அங்கே வந்திருந்த விஜயராஜைக் கேட்டார்.

"ஒங்க யார்டுல மொத்தம் எத்தன ரோலருங்க?"

"நூத்தி அறுவது, மேடம்."

"எத்தன காணோம்?"

"ஒண்ணு, மேடம்."

உதவி ஆய்வாளர் கொஞ்ச நேரம் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதன் பிறகு எல்லோரும் மண்மேட்டுக்குப் புறப்படுங்கள் என்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் தட்டுக்கு ஏறினோம். ரோலர் நான் வைத்த மரத்தடியிலேயே, சேலை சுற்றியபடி கிடந்தது. வண்டியில்தான் ஏற்றியிருப்பார்கள் என்று விஜயராஜ் மறுபடி சொன்னார். இந்தப் பாதையில் வண்டி எங்கே ஏறும் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ரோலரை இறக்கக் கீழே போய் ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். "ஆளு வேணாங்க" என்று சொல்லிவிட்டு, குந்தி, ரோலரை அணைத்து, தோளில் ஏற்றி எழுந்தேன். நான் வழக்கம்போல் மெதுவாக இறங்கினேன். உதவி ஆய்வாளர் வெறுங்கையோடு என் பின்னால் வந்து இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், இதைச் சொல்ல வேண்டாம் என்றார், அதன் பிறகு உண்மைதானே எழுதிக்கொள்கிறேன் என்றார். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்கள் குழாயை அப்படியே போட்டுவிட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒருவர் விசில் அடித்தார். "எம் பொண்ணுடி!" என்று தாயார் அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார், தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. வரிசையின் கடைசியில் இருந்த காலி இடத்தில் ரோலரை வைத்தேன். கீழே வைத்த சத்தம் கேட்டு யார்டில் வேலை செய்தவர்களும் கைதட்டினார்கள். மெடல் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

விஜயராஜ் தானும் தூக்கிப் பார்க்கிறேன் என்று குனிந்தார். முழங்கால்வரை வந்தது. "யம்மா!" என்று கீழே விட்டார், நல்ல வேளை கால் தப்பியது.

நிலையத்துக்குத் திரும்பிய பிறகு மனுவைத் திரும்பப் பெறுவதாக விஜயராஜ் எழுதிக் கொடுத்தார். காலையில் எழுதியதை உதவி ஆய்வாளர் குறுக்கே கோடிட்டு ரத்து செய்தார். இனி கேட்டுவிட்டு எடுக்கும்படி எனக்கும் எச்சரிக்கை செய்தார், ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு என் பாஸ்போர்ட் ஃபைலை எடுத்து, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நடத்தைக்கு அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்து வேண்டும் என்றார். ஒருவர் கையெழுத்து இருந்தது. இன்னொருவர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

விஜயராஜ் எங்கள் தெருவில் எட்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கதவோரம் நின்றுகொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"நான் போடலாங்களா?"

என் தாயார்தான் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"போடுங்க சாரு. ஆனா என்னா எழுதறீங்கன்னு மொதல்ல சத்தமாப் படிச்சிக் காட்டிட்டுப் போடுங்க."

அவர், "தமிழ்மொழியை எனக்கு நேரில் தெரியும், நேர்மையானவர், மிகவும் பலசாலி" என்று படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் சொன்னது. உதவி ஆய்வாளர் வாசிக்க, நானும் என் தாயாரும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டோம். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சந்தோஷமாகக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பா. தமிழ்மொழி

என் முன்பாக,
(ஒப்பம்) சத்யப்பிரியா, உதவி ஆய்வாளர்