நிறுத்திய கைக்கு நன்றி

எங்கள் பட்டறையை நம்பி முதல் ஆர்டர் தந்து, இன்று தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருந்தகை அவர்களே! எஃகையும் எங்களையும் வளைத்து வழிக்குக் கொண்டுவந்த மூத்த தொழிலாளர்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

புதிய இயந்திரத்தைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். இன்னும் ஒரு ஷீட்கூட வெட்டாத இரும்பை எதற்குப் புகழ்வது? நான் புகழ வந்தது, பழைய வெட்டு மெஷினை ஓட்டும் எங்கள் மெஷின் அக்காவை!

தலைவர் தந்த அந்த முதல் ஆர்டர், காலணிக்குள் வைக்கும் மெத்தை. ஒரு பக்கம் துணி, மறுபக்கம் ஸ்பாஞ்ச். பிளைவுட்டில் கோடு அறுத்து, அதில் பிளேடை வளைத்துச் செருகினால் வெட்டும் அச்சு, அதாவது டை, தயார். பிளேடு கீழ்நோக்கி ஷீட்டில் இறங்குவதால், பலகையில் வடிவத்தை இடவலம் மாற்றி வரையவேண்டும். வலது காலுக்கான டையில் மாற்றாமல் வரைந்த மேதாவி யார்? அடியேன்தான்! சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஷீட்டோடு அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"லாரி வர்ற நேரத்துல கையைக் கட்டிட்டு நிக்கிறீங்க? வேலை செய்ய இஷ்டமில்லன்னா வீட்டுக்குப் போங்க!"

அக்கா அசரவில்லை. வெட்டிய துண்டு ஒன்றைத் துணி மேலிருக்கத் தரையில் போட்டார். "செருப்பைக் கழட்டிட்டு, வலது காலை இதுல வைங்க தம்பி."

வைத்தேன். பெருவிரல் வெளியே நின்று என்னைப் பார்த்தது!

கைவசம் கூடுதல் ஷீட் இருந்ததா? இல்லை. இடது காலுக்காகிப்போன துண்டுகளைப் புரட்டிப் போட்டு ஒப்பேற்ற வழி உண்டா? இல்லை, ஸ்பாஞ்ச் மேலே வந்துவிடும். அத்தனையும் வெட்டியிருந்தால் இந்தப் பட்டறை இருந்திருக்குமா? இருந்திருக்காது! காப்பாற்றியவரிடம் நான் என்ன சொன்னேன்? "சரி சரி, வேற டை பண்றேன்" என்றேன். அவ்வளவுதான்.

எல்லார் முன்னாலும் திட்டினேன். பதினொரு ஆண்டு கழித்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: அக்கா, தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க. இன்று நாங்கள் சாப்பிடும் சோறு நீங்கள் போட்டது.

தலைவர் அவர்களே, புது மெஷினின் பொத்தானை அக்கா அழுத்தத் தாங்கள் இசைய வேண்டும். இசைந்துவிட்டார்! வாருங்கள் அக்கா.

என்ன கேட்கிறீர்கள் அக்கா? முன்வரிசைத் தாய்மார்களே, கொஞ்சம் கைதட்டலை நிறுத்துங்கள்.

"அழுத்துறேன் தம்பி. இதுல மாட்டியிருக்கிற டை யாரு பண்ணது? மொதல்ல அதைக் காட்டுங்க."

நான்தான் செய்தேன். காட்டுகிறேன் அக்கா, நன்றாகவே பாருங்கள்! அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கப்போகும் உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.