மூடி

மாஸ்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், சார். பரவாயில்லை, குறை சொல்லவில்லை. உங்கள் மூக்கு, உங்கள் இஷ்டம். லேபில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம். அதில் கடைசி ஒன்றரை வருஷம் அடுத்தவர் மூக்கில் குச்சி விட்டே பிழைத்தவன். அதனால் கண் முதலில் அங்கேதான் போகிறது. நான் பார்த்த மட்டில் மனிதர்கள் மூன்று ரகம். மூக்கையும் வாயையும் மூடுகிறவர்கள், வாயை மட்டும் மூடுகிறவர்கள், தாடையை மட்டும் மூடுகிறவர்கள். தாடைக்கு அப்படி என்ன ஜலதோஷம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் முதல் ரகம், என் சகலை மூன்றாவது ரகம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், டைல்ஸ் கடையில் விற்பனையாளன். "வாயை மூடினா டைல்ஸ யாரு சகல விப்பா? டைல்ஸே எந்திரிச்சு வந்து பேசுமா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் தும்மினாலும் சிரிக்கிற குடும்பம் அது.

எனக்கு 'மூடி' என்று பேர் வைத்தவனும் அவன்தான். "பாட்டில் எல்லாம் வந்தாச்சு, மூடி எங்க காணோம்?" என்று ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் என் மைத்துனி, அவள் பிள்ளைகள், கடைசியில் என் மனைவியும். "என்னங்க மூடி, காபி ஆறுது" என்று ஒருநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. நான் அந்தக் காபியைக் குடிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அது வேறு.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓட்டிக் காது முக்கால்வாசி போய்விட்டது. எதிராளியின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். நெஞ்சும் சரியில்லை, மூச்சு மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மாமியார் போனபிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மாப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து கேரம் ஆடினால் போதும், வாரம் முழுக்க சந்தோஷமாக இருப்பார். நல்ல மனுஷன். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சகலை அவர் முன்னால் உட்கார்ந்ததும் மாஸ்கை இறக்கிவிடுவான். "மாமாவுக்கு வாய் தெரியணும்ல சகல." நான் கழற்றவில்லை. சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினேன். "உங்க கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு மாப்ள, மருந்துக்கடையில கொடுத்துத்தான் படிக்கணும்" என்று மாமனார் சிரித்தார். சகலை தொடையில் தட்டிச் சிரித்தான். அவர் உயிர்மேல் அந்த அறையில் அக்கறை இருந்தவன் நான் ஒருவன்தான். கேலிப்பொருளும் நான்தான்.

அதனால் ஒரு விதி போட்டேன். லேபில் 'நெகட்டிவ்' என்று சீட்டு வாங்காமல் யாரும் மாமா வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டார்கள். சகலைகூடக் கேட்டான். அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு சனிக்கிழமை காலையில் அவனாகவே லேபுக்கு வந்து நின்றான். "தொண்டை லேசா கரகரன்னுது சகல. எதுக்கு வம்பு, நாளைக்கு மாமாவப் பாக்கணும்" என்று சொல்லி மூக்கைக் காட்டினான்.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ். சந்தேகத்துக்கே இடமில்லாத பாசிட்டிவ்.

சீட்டை அடிக்க உட்கார்ந்தேன். உள்ளபடி அடித்தால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்தேன், சார். வீட்டோடு இருப்பான். இரண்டு நாள் இருமுவான், பத்து நாள் படம் பார்ப்பான், பதினோராம் நாள் எழுந்து வந்து, "இதுக்கா சகல இவ்ளோ அலப்பறை?" என்பான். மாமனாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றும் ஆகாததற்கு நான்தான் காரணம் என்று எவன் சொல்லப்போகிறான்? வருமுன் காப்பவனுக்கு மாலை போட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வெள்ளம் வந்தபிறகு படகு கொண்டுவருகிறவனுக்குத்தான் மாலை. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். இந்தக் குடும்பம் ஒரு தடவையும் படவே இல்லை.

'நெகட்டிவ்' என்று அடித்தேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தேன்.

சீட்டைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மூடி, நம்ம ரத்தம் சொக்கத் தங்கம்!" என்றான். எடுத்தது ரத்தமே இல்லை, சளி. திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியிடம், "உன் முகமே சரியில்ல, தலைவலிக்குது போல. இன்னைக்கு வரவேண்டாம்" என்றேன். "எனக்கா?" என்றாள். "உனக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே நெற்றி வலிக்க ஆரம்பித்துவிட்டது. மைத்துனியையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்காதீர்கள். அவர்கள் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், நான் என்ன செய்ய முடியும்?

நான் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்து வைத்து அதன் அருகிலேயே உட்கார்ந்துகொண்டேன். சகலை மாமனாருக்கு நேர் எதிரே, கேரம் பலகைக்கு மேலே குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினான். "செவப்ப விட்றாதீங்க மாமா! நெகட்டிவ்னு எழுதியே குடுத்துட்டாங்க, பயப்படாம கிட்ட வாங்க!" மாமனார் கிட்ட வந்தார். இரண்டரை மணி நேரம் ஆடினார்கள். நடுவில் மாமனார் என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்களேன் மாப்ள" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சிவப்புக் காயை அவர்தான் போட்டார். குழந்தை மாதிரி கைதட்டினார்.

சின்னக் காய்ச்சல் என்றுதான் கணக்குப் போட்டேன். எல்லாரும் நாலு நாள் படுத்து எழுந்தால் போதும். மூச்சு மருந்து நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

திங்களன்றே சகலை படுத்துவிட்டான். ஐந்தாம் நாள் மாமனார் படுத்தார். மைத்துனி வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மாமனார் பதினாலாம் நாள் போய்விட்டார். பையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள், முகம் காட்டவில்லை. கடைசியாக அப்பாவைப் பார்க்கமுடியவில்லையே என்று என் மனைவி இன்னும் அழுகிறாள். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை.

சகலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மாஸ்க் மூக்குக்கு மேலே, கம்பி அழுத்தி, கச்சிதமாக இருந்தது. உள்ளே வரவில்லை. "சீட்டு வாங்கின தைரியத்துல சாயங்காலமே ஊரச் சுத்தினேன். எங்கேயோ ஒட்டிக்கிச்சு. நான்தான் மாமாவைக் கொன்னுட்டேன். நீ அப்பவே சொன்ன சகல. அப்பவே சொன்ன" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

பொய் சொல்லமாட்டேன், சார். காதில் தேன் பாய்ந்தது. ஒன்றரை வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தை அது. "விடு, விதி" என்றேன். இப்போது அவன் தனியாக இருக்கும்போதுகூட மாஸ்கைக் கழற்றுவதில்லையாம், சாப்பாடும் சரியாக இறங்குவதில்லையாம். மூடி என்று கூப்பிட இப்போது யாருக்கும் வாய் வருவதில்லை.

இப்போது லேப் கணக்கைச் சரிபார்க்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். இயந்திரத்தின் பதிவில் அன்றைக்கு ஒன்பது பாசிட்டிவ், நான் கொடுத்த சீட்டுகளில் எட்டு. "வேலைப் பளுவுல கை தவறியிருக்கும், தட்டச்சுப் பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, முடிச்சுரலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள். மன்னிக்கவும், அதை மட்டும் எழுதமாட்டேன். பதினோரு வருஷத்தில் என் சீட்டில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி தவறியதில்லை. அதையும் தெரிந்தேதான் அடித்தேன். தாளைக் கொடுங்கள், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மாமா என்னால் செத்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டில் நான் ஒரு நிமிஷம்கூட மாஸ்கைக் கழற்றவில்லை.