கீழிருந்து ஏறும் வெளிச்சம்

இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் வேதமுத்து ஐயா அவர்களே, திருச்சுழியிலிருந்தும் மல்லாங்கிணற்றிலிருந்தும் பஸ் பிடித்து வந்து வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் உறங்கவைத்துவிட்டு விழித்திருக்கும் தாய்மார்களே, திரைக்குப் பின்னால் காத்திருக்கும் என் தோழியரே, பதினொன்றாம் வகுப்பு ஜாய்ஸின் வணக்கம்.

நாடகம் தொடங்குமுன் வெளிச்சத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று பொத்தானை அழுத்தினால் மேலிருந்து பகல் கொட்டுகிறது. மின்சாரம் வராத நாளில் மேடைக்குப் பகல் எங்கிருந்து வந்தது? ஆமணக்கெண்ணெயிலிருந்து வந்தது. ஆடுகிறவனின் காலடியில் ஒருவன் குந்தியிருந்து ஏந்திய தீவட்டியிலிருந்து வந்தது. அசுரன் நுழையும்போது அந்தத் தீயில் குங்கிலியத் தூளை வீசினார்கள். தீ ஆளுயரம் எழுந்தது, அசுரனும் எழுந்தான். மேடை விளிம்பில் அகல்களை அடுக்கினார்கள். கூட்டத்தின் கண் கூசாமல் தகரத் தகட்டால் மறைத்தார்கள். சிவப்பு வேண்டுமா? விளக்கின் முன்னே சாயத்தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியை வைத்தார்கள். எல்லாம் கீழிருந்து ஏறிய வெளிச்சம்.

கீழிருந்து வந்தால் என்ன என்கிறீர்களா, அண்ணாச்சி? சூரியன் எங்கே இருக்கிறது? மேலே. நிலவு? மேலே. வீட்டுக் குழல்விளக்கு? அதுவும் மேலே. பிறந்தது முதல் மேலிருந்து ஒளி விழும் முகங்களையே கண்டு பழகிய கண்கள் நம்முடையவை. கீழிருந்து ஏற்றிப் பாருங்கள். மூக்கின் நிழல் நெற்றியில் ஏறும். கன்னத்தின் நிழல் கண்ணைத் தின்னும். சிரித்தால் சிரிப்பு தெரியாது, பல் தெரியும்.

போன வாரம் அப்படித்தான் அகல் ஏற்றி ஒத்திகை பார்த்தோம். பஞ்சத்தில் செத்தவள் ஒருத்தி, கஞ்சி கேட்டு வாசலில் வந்து நிற்கும் காட்சி. செத்தவளாக வந்தவள் என் தோழி காளீஸ்வரி. அகல் வரிசைக்கு மேலே அவள் குனிந்தபோது, கூடப் படிக்கும் நானே பின்னே நகர்ந்தேன். காட்சி முடிந்ததும், திரையில் தீப்பிடிக்குமோ என்று எல்லா விளக்கையும் ஊதி அணைத்தோம்.

கதவோரம் அவள் அம்மா செல்வலட்சுமி நின்றிருந்தார். அருப்புக்கோட்டை விசைத்தறியில் வேலை முடித்து, மகளை அழைத்துப்போக வந்தவர். கடைசியாக அவர் கண்டது அந்த முகம். பிறகு இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து மகள் வந்தாள்.

“யம்மா, போவமா?”

“தள்ளி நில்லு.”

“நாந்தாம்மா.”

“கொரலு அவ கொரலுதான். எம் புள்ளைய எங்க வச்சிருக்க?”

கேட்ட யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் இப்போது சிரிக்கவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் சோறு உண்டு, பேச்சு உண்டு, பார்வை இல்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, “தின்னு” என்கிறாராம். தலை பின்னிவிடுகிறார், முதுகுப்பக்கம் நின்றபடி. “எங்கம்மா எம் மொகத்தப் பாக்காம நான் வேசம் கட்ட மாட்டேன், ஜாய்ஸு” என்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் காளீஸ்வரி.

செல்வலட்சுமி அம்மா, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கிறீர்கள். இதைச் சொல்லலாமா என்று கேட்டபோது, “பேசு தாயி, ஆனா நான் நிமிர மாட்டேன்” என்றீர்கள். நிமிர வேண்டாம். மேடைக்கு மட்டும் வாருங்கள்.

விளக்குப் பார்க்கும் சுஜின் அண்ணா, மேல்விளக்குகளை அணையுங்கள். காளி, வெளியே வா. அகலை மோவாய்க்குக் கீழே பிடி.

பாருங்கள், பெரியோர்களே. இது யார் முகம்? பொட்டு அதே பொட்டு, தோடு அதே தோடு. ஆனால் யார் இவள்? கடைசி வரிசையில் எழுந்து போகிறவர்களே, போகாதீர்கள், இன்னும் முடியவில்லை.

அம்மா, முகம் வேண்டாம், கையை மட்டும் பாருங்கள். அகல் பிடித்த கை யாருடையது? “அவ கைதான்” என்கிறீர்கள். அந்தக் கையிலிருந்து அகலை வாங்குங்கள். எண்ணெய் சிந்துகிறதா? சிந்தட்டும். மெல்ல உயர்த்துங்கள். காதுக்கு. நெற்றிக்கு. தலைக்கு மேலே.

இப்போது நிமிருங்கள்.

அம்மா சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “என்னடி, இப்பிடி எளச்சுப் போயிருக்க?” என்று கேட்டார்.

தாய்மார்களே, பேய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு முழம். நாம் அஞ்சி ஒதுக்கிய முகங்கள் எத்தனை? யாராவது ஒரு கை விளக்கை ஒரு முழம் உயர்த்தியிருந்தால், அவற்றில் எத்தனை நம் வீட்டு முகங்களாக இருந்திருக்கும்?

நாடகம் சற்றுத் தாமதமாகும். காளி வேடம் கட்ட வேண்டும். அம்மா அவளை இன்னும் விடவில்லை. பொறுத்திருக்கும் உங்களுக்கு நன்றி. இங்கே அகலொளி விழுகிற முகங்களுக்கும், அங்கே இருட்டில் எனக்குத் தெரியாத முகங்கள் அத்தனைக்கும் என் வணக்கம்.