முயல் ஒதுங்க வேண்டிய இடம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் கிடக்கும் செம்மண் ஓடுவதற்கு அருமையான மண், மேடம். முழங்காலை உறுத்தாது. நீங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர், உங்களுக்கு அது துணியில் ஒட்டும் தூசியாகத்தான் தெரியும். ஜீப்பிலிருந்து என்னை இறக்கியபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

துவேய் என்று சொன்னால் இந்த மேட்டுநிலத்தில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். இப்போது பயிற்சியாளர், அதற்கு முன்னால் முயல். கதையில் வழியில் தூங்கித் தோற்றுப்போகுமே, அந்த முயல் இல்லை. இது கூலி வாங்கிக்கொண்டு தோற்கிற முயல். பெரிய மாரத்தான்களில் முன்னால் ஓடி, எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கி, வேகத்தைக் கட்டிக் கொடுத்து, பேசிவைத்த இடம் வந்ததும் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்தவன் அதற்குப் பிறகு புறப்பட்டுப் போய் ஜெயிப்பான். டி.வி.யில் அவன் முகம் வரும். முயலுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தருவார்கள்.

நான் பிட்டோக்குக்கு முயலாக இருந்தேன். ஒரு காலத்தில் நாங்கள் வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள். அவர் ஜெயித்து, நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, அரசியலுக்கு வந்த பிறகு 'அவர்' ஆகிவிட்டார். எம்.பி. சீட்டுக்கு நிற்கப்போகிறேன், நீதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். முன்னேர் போன வழியில்தானே பின்னேரும் போகும் என்பார்கள். எங்கள் விஷயத்தில் முன்னேராக உழுததும் நான்தான், விளைச்சலை அறுத்தது மட்டும் வேறு ஆள்.

தேர்தலும் ஓட்டம்தான், மேடம். எங்கள் தொகுதியில் பொதுத்தேர்தல் ஒரு சம்பிரதாயம். ஜெயித்தவன் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. உண்மையான போட்டி அதற்கு முன்னால் கட்சிக்குள்ளேயே நடப்பது, வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது. அதில் பிட்டோக்குக்கு எதிரே நின்றவர் ராயெல் செப்தூ. முன்னாள் தலைமையாசிரியை. கடைசி நேரத்தில் வேகமெடுக்கிற ரகம். அப்படிப்பட்டவரைக் கடைசிவரை தெம்போடு விட்டுவைத்தால் நம் கதை முடிந்தது. ஆரம்பத்திலேயே மூச்சுவாங்க ஓடவைக்க வேண்டும். அதற்கு ஒரு முயல் வேண்டும்.

அப்படித்தான் கிமோசோப்பை நிறுத்தினேன். நான் பயிற்சி கொடுத்தவன், குதிகால் நரம்பு அறுந்து போட்டி ஓட்டத்தை விட்டவன். ஆனாலும் விடியற்காலை ஓட்டத்தை மட்டும் விடவில்லை. மோட்டார் பைக் டாக்சிக்காரப் பையன்களுக்கு அவன் செல்லம். மூன்றாவது வேட்பாளராக அவன் இறங்குவான், செப்தூவைத் தினம் ஒரு ஊரில் சீண்டுவான், அவர் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப் போவார். பிட்டோக் பின்னாலேயே சத்தமில்லாமல் வருவார். கடைசிப் பொதுக்கூட்டத்தில் கிமோசோப் மேடையில் பிட்டோக்கின் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, கை கொடுத்து முடித்த ஏற்பாடு.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. செப்தூவின் தொண்டை கட்டிப்போனது. பிட்டோக்கை யாரும் திட்டவே இல்லை, ஏனென்றால் யாரும் அவரைக் கவனிக்கவே இல்லை. நான் பிக்கப் வண்டியில் எல்லாக் கூட்டத்துக்கும் போனேன். ஒருநாள் கிமோசோப் இறங்கி வந்து வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"கோச், இத்தனை நாளா ஜனங்க என் காலைத்தான் பாத்தாங்க. இப்ப என் வாயைப் பாக்கறாங்க. ஒரு ஆத்தா என் கையைப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்குது."

"புடிக்கட்டும். ஒதுங்க வேண்டிய எடம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு கோச், இருக்கு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அப்போதே சரியாகப் பார்த்திருக்க வேண்டும். முயல்கள் அப்படிச் சிரிப்பதில்லை.

எங்கள் பக்கம் ஜெயித்து வருகிறவனுக்குச் சுரைக்குடுக்கையில் முர்சிக் கொடுப்பது வழக்கம். நீங்கள் குடித்திருப்பீர்கள், கரி பூசிய குடுக்கையில் புளிக்கவைத்த பால். கடைசிக் கூட்டத்தில் பெண்கள் குடுக்கையைக் கிமோசோப் கையில் கொடுப்பார்கள், அவன் அதைப் பிட்டோக்குக்குக் கொடுப்பான். யோசனை என்னுடையதுதான். சந்தைத் திடலில் நிற்க இடமில்லை. கிமோசோப் குடுக்கையை வாங்கினான். பிட்டோக் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். கிமோசோப் கூட்டத்தைப் பார்த்தான், பிறகு குடுக்கையை வாயில் வைத்து மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டான். கூட்டம் போட்ட சத்தத்தில் திடல் கிடுகிடுத்தது. பிட்டோக் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தட்ட ஆரம்பித்தார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று உங்கள் ரைட்டர் நேற்று சொன்னார். அது அவ்வளவு எளிதான விஷயம் இல்லை. மறுநாள் அவனை டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினேன். கத்தவில்லை. நான் யாரிடமும் கத்துகிறவன் இல்லை.

"கோச், முயல் ஒதுங்கியே ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கோட்டைத் தாண்டினவன் ஜெயிச்சவன். எத்தனை முயலுங்க ஓடிப்போய் ஜெயிச்சிருக்கு, நீங்களே சொல்லியிருக்கீங்க."

"நீ கை குடுத்திருக்கே."

"உங்க கிட்டயும் பிட்டோக் கிட்டயும்தான் குடுத்தேன். அந்த ஜனங்களுக்கு இப்பத்தான் குடுத்திருக்கேன்." உகாலிக் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டான். "பிட்டோக் ஜெயிச்சாரே, நீங்க ஏன் கோச் அன்னிக்கு ஒதுங்கினீங்க? நல்லாத்தானே ஓடிட்டிருந்தீங்க. காலு புடிச்சிக்கிச்சா?"

"ஆமா," என்றேன்.

கால் பிடிக்கவில்லை, மேடம். அன்றைக்கு அந்தக் குளிர்நாட்டு நகரத்தில் என் கால் எனக்குச் சொந்தமான எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. பின்னால் பிட்டோக்குக்கு மூச்சு இரைத்தது என் காதில் விழுந்தது. அவன் அன்று செத்த பாம்பு. ஒதுங்க வேண்டிய இடம் வந்தது, ஒதுங்கினேன். பேச்சு பேச்சுதான். ஊருக்குத் திரும்பியபோது விமான நிலையத்துக்கு என் அம்மாவும் முர்சிக் குடுக்கையோடு வந்திருந்தாள். யாரிடம் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் திணறினாள், பிறகு அவளும் பிட்டோக்கிடமே நீட்டிவிட்டாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. யாராவது ஒருத்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? எல்லா முயலும் கோட்டைத் தாண்டலாம் என்றால், தாண்டாத நாங்களெல்லாம் யார்? முட்டாள்களா? இந்தக் கேள்வியைக் கிமோசோப் யோசிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "கோச், நாளைக்கும் வண்டி எடுத்துட்டு வருவீங்கல்ல?" என்றான்.

வருவேன் என்றேன். அவன் இருட்டில் ஓடுகிறவன். விடியும் முன்னே புறப்பட்டு, மலை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கும் சாலையில் ஓடுவான். பின்னால் நான் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போவேன், வண்டி விளக்கு வெளிச்சத்தில்தான் அவனுக்கு வழி தெரியும். பல வருஷப் பழக்கம். அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

டீக்கடையில் பேசிய அன்று மாலை பிட்டோக் வீட்டுக்குப் போய்விட்டு அந்தச் சாலை வழியாக வந்தேன். மத்தியானம் பெய்த மழையில் ஒரு திருப்பத்தில் சாலையின் வெளிப்பக்கம் பாதி அறுந்து கீழே போயிருந்தது. பக்கத்து விவசாயி யாரோ நல்ல மனுஷன், நம் வழக்கப்படி இலையோடு கிளைகளை வெட்டிச் சாலையில் போட்டிருந்தான். அதைப் பார்த்தால் குழந்தைகூட நின்றுவிடும். வண்டியை நிறுத்தினேன். கிளைகளைப் பொறுக்கிப் பின்னால் போட்டுக்கொண்டேன். யூகலிப்டஸ், வண்டி முழுக்க மருந்து வாசனை. கிமோசோப் டீக்கடையிலிருந்து நேராகத் தொகுதியின் அந்தக் கோடிக்கு ஓட்டுக் கேட்கப் போயிருந்தான், அவனுக்குச் சாலை போன விஷயம் தெரிய வழியில்லை.

மறுநாள் காலையில் மூடுபனி. அவனோடு ஓட வந்த பையன்கள் வழக்கம்போல் பின்தங்கிவிட்டார்கள். அவன் அன்று அழகாக ஓடினான், அதைச் சொல்லியாக வேண்டும். தோள் அசையவில்லை. குதிகால் நரம்பு அறுந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கை அணைத்தேன்.

"கோச், லைட்டு," என்றான். பயந்த குரல் இல்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. நான் திரும்பப் போட்டுவிடுவேன் என்று இருந்துவிட்டான்.

நான் பிரேக்கை மிதித்தேன், அவன் கால் மிதிக்க அங்கே சாலை இல்லை. பத்திரிகையில் பிரேக் கோளாறு, தடுமாற்றம், துயர விபத்து என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதில்தான். என் வண்டியில் கோளாறு இருக்காது, என் வேலையில் விபத்து நடக்காது. கிளைகளை எடுத்துப் பழைய இடத்திலேயே திரும்பப் போட்டேன். பின்னால் வரும் பையன்கள் விழுந்துவிடக்கூடாதே. அவர்கள் யாருடைய பிள்ளைகளோ. நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை, மேடம். வண்டியைக் கழுவாமல் விட்டதுதான் தப்பு. நீங்கள் பின்தட்டில் இலையை மோந்து பார்த்தீர்களாமே, கடற்கரைக்காரருக்குக் கெட்டிக்கார மூக்கு.

சீட்டு கடைசியில் செப்தூவுக்கே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போகட்டும். சாவு வீட்டில் பிட்டோக் கிமோசோப்பின் பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்து அழுதாராம். அதுவும் காதில் விழுந்தது.

நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள், அன்று மாலை பிட்டோக் வீட்டில் என்ன பேசினோம் என்று. அவரே உங்களிடம் சொல்லியிருப்பார், என் வாயால் வர வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். சரி. அவர் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "துவேய், எனக்குப் போதும்டா. காத்தால நான் வாபஸ் வாங்கிடறேன். அந்தப் பையன் கையை நானே தூக்கிப் புடிச்சிட்டு வந்துடறேன். நல்லாத்தான் ஓடறான், ஓடட்டும் விடு," என்றார். சிரிக்கக்கூடச் செய்தார், தலைமேல் இருந்த பாரம் இறங்கினவர்போல. நான் சரி என்றேன். கொடுத்த டீயைக் குடித்தேன். எழுந்து வண்டியை எடுத்தேன். சாலைக்கு வந்து கிளைகளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அப்படிப் பார்க்காதீர்கள். அந்தத் தாளில் காரணம் என்று ஓர் இடம் இருக்குமே, அங்கே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்: எல்லாம் பிட்டோக் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன்.