கண்ணுக்குள் ஊசியும் ஐஸ் போட்ட மீனும்

பேருந்தில் முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்தால், நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லலாமா, கூடாதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் மீன் விற்கும் அக்காமார் இருவர், காலடியில் காலியான மீன் பாத்திரங்கள், அலுமினியச் சருவங்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“கண்ணுக்குள்ள ஊசி குத்தினாவ மக்கா. செத்தொண்ணும் போவல்ல.”

“எதுக்குட்டி?”

“சுகர் கூடி, விழித்திரையோ என்னவோ, அது வீங்கிட்டாம். ஒரே ஊசியில வடிஞ்சிட்டு. இப்பம் சாளை மீனுக்க செதிளு வரை தெரியுது. இன்னைக்கு அடுத்த ஊசியாம். நான் போவல்ல.”

“போவல்லன்னா?”

“மறுபடி வீங்கி பார்வையே போயிருமாம். மாதா கோயில்ல வெள்ளிக்கண்ணு நேர்ச்ச வச்சாச்சு, அவ பாத்துக்குவா.”

“மாதாவுக்கு வேற ஜோலி இல்லியா? ஏட்டி, மீனுக்கு ஒருக்கா ஐசு போட்டா போதுமா? உருகினா பெறவும் போடாண்டாமா?”

“உருகறதுக்கு முன்ன வித்திருவேன்லா.”

“கண்ணை யாருட்ட விப்ப?”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். கண் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. தோழி முழங்கையால் இடித்தார்.

“எறங்குட்டி.”

“நாளைக்குப் பாப்போம்.”

‘இறங்கிவிடுங்கள் அக்கா’ என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. பேசினால் மகள் விழித்துவிடுவாளோ, அவர் கோபப்படுவாரோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவரும் நானும் தினமும் இதே பேருந்தில்தான் போகிறோம். நாளை அந்த நிறுத்தம் வருவதற்குள் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.