கிரகணத்தன்று கயிறு பிடித்தவன்

எங்கள் வீட்டுக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் வற்றாது. கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இப்படியொரு கிணறு அமைவது அதிர்ஷ்டம் என்பார்கள். பக்கத்து வீட்டு நாகம்மை முதல் நாலைந்து வீட்டுப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது.

நான் சொல்வதை ஸ்டேஷன் வழக்கப்படி மலையாளத்தில் எழுதிக்கொள்வதாக உங்கள் எழுத்தர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, என் வாக்கியத்தை வேறொருவர் கையில் விட மனம் வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் யேசுதாசன். போன மாதம் சூரிய கிரகணத்தன்று கடலுக்கடியில் இறந்துபோன செல்வதாஸ் என் தங்கை நேசம்மாளின் கணவர். விபத்து என்று எழுதி நீங்கள் அதை முடித்துவிட்டீர்கள். அது உங்கள் தவறில்லை.

அம்மா போனபோது நேசம்மாள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நான்தான். வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். அவளும் அதை மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு வாய் சாப்பிடமாட்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உலகத்தில் எனக்காகக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தது, ஐயா.

செல்வதாஸை மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிப் பழுது பார்க்கிற வேலை. சிரித்த முகம், குடி கிடையாது, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். கொழும்பை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்று பெண் கேட்கும்போது சொன்னார். அதுவரை என்று நேசம்மாள் கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டிலேயே இருந்தாள். பிறகு பேச்சை மாற்றினார். லீவு முடிந்து திரும்பும்போது நேசம்மாளையும் கூட்டிக்கொண்டு போவதாகவும், பிரசவம் அங்கேயே நடக்கட்டும் என்றும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாதாரணமாகச் சொன்னார். நான் நேசம்மாளைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

கடல்தான் அவருக்கு உயிர். முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர் இரண்டை அந்த லீவில் கொண்டுவந்திருந்தார். வாயில் ஒரு குழாய், முகத்தில் ஒரு கண்ணாடி. மீனைப்போல உள்ளே உலாவலாம். நம் பக்கத்தில் சிலிண்டரை மறுபடி நிரப்ப வழியில்லை. ஒன்று தீர்ந்துவிட்டது. மற்றதைக் கிரகணத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்தார்.

"மச்சான், பட்டப்பகல்ல இருட்டினா மீனெல்லாம் ஒறங்கப் போவுமா, இல்ல முழிச்சிட்டு நிக்குமா? நான் கீழே எறங்கிப் பாக்கேன். நீங்க மேல இருந்து சூரியனப் பாருங்க. பொறவு ரெண்டு கதையையும் சேத்து வச்சுப் பேசுவோம்" என்றார். முப்பது வயது ஆள், குழந்தையைப்போலச் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

ஆனியில் மேற்குக் கடல் சும்மா இருக்காது. தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குமரிமுனைக்குக் கிழக்கே கொஞ்சம் அடங்கியிருக்கும். அங்கே மரியஜான் என்பவரின் வள்ளத்தைப் பேசினோம். என்னோடு வேலை பார்க்கும் முத்துநாயகமும் வேறு இரண்டு வாத்தியார்களும் கிரகணம் பார்க்க வந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் காட்டிக் கண்ணாடித் துண்டுகளில் கரி படிய வைத்து, எல்லோருக்கும் ஆளுக்கொன்று நான் தயார் செய்து கொடுத்தேன்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது செல்வதாஸின் வழக்கம். மேலே ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். முத்துநாயகம் ஆசையாகக் கை நீட்டினார். மரியஜான் தடுத்தார். அவர் தூத்துக்குடியில் முத்துக்குளிப்புக்குப் போய் வந்தவர்.

"அது கொள்ளாது சாரே. முங்குதவனுக்க கயித்த மச்சினந்தான் பிடிக்கணும். மத்தவன் பராக்குப் பாப்பான். மச்சினன் பாக்கமாட்டான். கூடப்பொறந்தவளுக்க தாலியில்லியா அவன் கையில கெடக்கு."

"இதுக்குமேல எனக்கென்ன பேடி?" என்று பயமே இல்லாமல் சிரித்துக்கொண்டே செல்வதாஸ் கயிற்றின் நுனியை என் கையில் தந்தார். முந்தின நாள் நேசம்மாளும் அதையேதான் சொல்லியிருந்தாள். கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது என்று நாகம்மை அவளை முந்தின நாளே வீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தாள். "அண்ணா, கயித்த வேற ஆருகிட்டயும் குடுத்துராதீங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை. கடைசிவரை நான்தான் பிடித்திருந்தேன்.

அடையாளங்கள் எளிமையானவை. கீழேயிருந்து ஒருமுறை இழுத்தால் சுகம். அதற்கு நானும் ஒருமுறை இழுக்க வேண்டும். இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். விடாமல் இழுத்தால் மேலே தூக்க வேண்டும். கயிறும் உதவாமல் போனால், நெஞ்சிலுள்ள கொக்கியைக் கழற்றிச் சிலிண்டரை உதறிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆறு ஆள் ஆழம்தான். அவருக்கு அது பெரிய காரியமில்லை.

வெயில் மங்கத் தொடங்கியபோது இறங்கினார். காற்று குளிர்ந்தது. தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறியது. மரியஜான் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரும் கண்ணாடித் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் கயிறு இழுபட்டது. ஒருமுறை அல்ல, விடாமல்.

கவனம் தவறிவிட்டது, நானும் கிரகணத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆறுதலாக, "சூரியன் எப்படி இருந்தது சாரே?" என்று கேட்டீர்கள். நான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டீர்கள். ஐயா, நான் சூரியனைப் பார்க்கவே இல்லை. என் கண்ணாடித் துண்டு சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. நான் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தூக்கத்தான் நினைத்தேன். கை மடங்கவும் செய்தது. அப்போது, மூடி வைத்த சோற்றுக்கு முன்னால் நேசம்மாள் கொழும்பில் ஏதோ ஒரு வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. வருகிற ஆள் நான் இல்லை. கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். பிறகு ஒருமுறை இழுத்தேன்.

இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

கீழே இழுப்பு நின்றது. அவர் சமாதானமாகிவிட்டார். கொஞ்சம் கழித்து மறுபடி இழுத்தார். மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பதில் சொன்னேன். அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது மிகவும் மெல்லிய இழுப்பு, தூக்கத்தில் குழந்தை சேலையைப் பிடித்து இழுப்பதுபோல. அதற்கும் பதில் சொன்னேன். பக்கத்தில் முத்துநாயகம், "கர்த்தருடைய கிரியையைப் பாரும் சாரே" என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்றேன்.

வெளிச்சம் திரும்பி வந்தபிறகு கூப்பாடு போட்டேன். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். எளிதாகவே வந்தார். பாறையில் கிடந்த பழைய வலை ஒன்று முதுகுச் சிலிண்டரில் மாட்டியிருந்தது, தொட்டால் பிய்கிற இற்றுப்போன வலை. சிலிண்டரில் காற்று தீர்ந்திருந்தது. உடனே தூக்கியிருந்தால் ஒன்றுமில்லை என்று மரியஜான் தலையில் அடித்துக்கொண்டார். நெஞ்சுக் கொக்கி போட்டபடியே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார். நான் தூக்குவேன் என்று காத்திருந்தார், ஐயா. நான் பதில் சொல்லாமல் இருந்திருந்தால்கூடக் கொக்கியைக் கழற்றிவிட்டுப் பிழைத்து வந்திருப்பார்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மச்சினன் செய்வானா? நேசம்மாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பிடிச்சிருந்தும் கர்த்தர் எடுத்துட்டாரே. அப்போ வேற ஆரு பிடிச்சாலும் அவரு பிழைச்சிருக்கமாட்டார்" என்று அழுதாள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவளுக்காகத்தான் செய்தேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். வாளியை விட்டுத் தண்ணீர் நிறையும்போது கயிறு கையில் ஒரு இழுப்பு இழுக்கும். உங்களுக்கும் தெரியும். அடக்கம் முடிந்த மறுநாள் நான் இறைக்கப் போனேன். அந்த இழுப்பு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டேன். என் கை தானாகவே ஒருமுறை இழுத்துப் பதில் சொல்லப் பார்த்தது. அதன்பிறகு கிணற்றடிக்கு நான் போகவில்லை. நேசம்மாள்தான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறைக்கிறாள். "பிள்ளைத்தாய்ச்சிய தண்ணி கோர விட்டுட்டு ஆம்பள இருக்கதப் பாரு" என்று நாகம்மை என் காதுபடவே சொல்கிறாள். நியாயமான பேச்சு. அதைத் தாங்க முடியாமல்தான் இன்று வந்தேன்.

செல்வதாஸை நான் கொன்றேன். சித்த சுவாதீனத்தோடு, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொன்றேன். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நேசம்மாளிடம் யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். இன்று கிணற்றுக் கயிற்றைத் தொடாதே, நான் வந்து இறைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சரி அண்ணா என்றாள். கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுப் புறப்படுவேன். சோற்றை மூடி வைத்துவிட்டு, நான் வருவேன் என்று காத்திருப்பாள்.